உதவிப் பேராசிரியர், நிலச் சூழலியல்: விளம்பரத்தில் அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது?

#1 · பொறுப்புத்தலை

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் துறைத்தலைவர் (பொறுப்பு). ஊர், பெயர் வேண்டாமே.

பல வருடமாகக் காலியாகக் கிடந்த ஓர் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம். பதிவாளர் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. அதில் 'சிறப்புப் பாடம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தர வேண்டும். நான் 'நிலச் சூழலியல்' என்று எழுதிக் கொடுத்தேன். தட்டச்சாகித் திரும்பி வந்தபோது 'நிலவியல்' என்று இருந்தது. பாறை படிக்கிறவர் வந்து சேர்ந்திருப்பார், நல்லவேளை பார்த்துவிட்டேன்.

துறையில் மூன்று பேர், மூன்று கட்சி. ஒருவர் செயற்கைக்கோள் படம் பார்க்கிற ஆள் வேண்டும் என்கிறார். இன்னொருவர் மண் நுண்ணுயிர். மூன்றாமவர் காட்டுயிர், அதுவும் புலி யானை என்றால்தான் மாணவர் வருவார்களாம்.

என் கவலை வேறு. ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியர் ஒருவர், பக்கத்துக் கிராமத்து ஐயனார் கோயில்காட்டில் ஒரு ஹெக்டேர் அளந்து, 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அளந்து வந்தார். கடைசி அளவு 2014. போன மாதம் போய்ப் பார்த்தேன். சில தகடுகளைப் பட்டை பாதி விழுங்கிவிட்டது. நான் நீர் மாசு ஆள். வீரைக்கும் காயாவுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குப் பூசாரி வேண்டும். அந்த அளவு டேப்பைக் கையில் எடுக்கிற ஒருவர் வர வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் அவர் வருவார்?

#2 · ஜேஆர்எஃப்_வெயிட்டிங்

சார், ஒரே ஒரு கேள்வி. உள்ளுக்குள்ள ஏற்கெனவே ஆள் இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம்.

#3 · பொறுப்புத்தலை

இருந்திருந்தால் அந்தக் கட்டத்தை அவரே நிரப்பியிருப்பார் தம்பி. இல்லை.

#4 · மண்புழு

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் தேர்வுக் குழுக்களில் பாட வல்லுநராகப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் ஆபத்து, உங்கள் ஆசையையே விளம்பர வரியாக எழுதிவிடுவது. 'உலர் பசுமைமாறாக் காடுகளில் நீண்டகால மரக் கண்காணிப்பு' என்று எழுதினால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்த்து எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்கள் எல்லாரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒருவருக்காகத் தைத்த சட்டை என்று பேச்சு வரும். வழக்கும் வரும்.

இரண்டாவது ஆபத்து நேர் எதிர்த் திசையில். வெறும் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்று போட்டால் கழிவுநீர், காற்று மாசு, நானோ துகள் என்று விண்ணப்பம் மலையாகக் குவியும். அதில் எறும்பு எண்ணுகிற பெண்ணின் விண்ணப்பம் அடியில் போய்விடும். அவளைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நிலச் சூழலியல் என்பது நல்ல அகலம். புல்வெளி, தீ, விதை பரவல், மண்ணுயிர், பூச்சி, அயல் தாவரப் பரவல், மேய்ச்சல் எல்லாம் அடங்கும். கடலும் குளமும் அடங்காது. அதை அப்படியே வையுங்கள். உயிரினத்தின் பெயரைப் போடாதீர்கள், கேள்வியின் வகையைப் போடுங்கள். 'களத் தரவும் புள்ளியியல் பகுப்பாய்வும் கொண்ட நிலச் சூழலியல்' என்று ஒரு வரி போதும். உங்கள் சகாக்கள் மூவரின் ஆட்களும் அதற்குள் வந்து போட்டியிடலாம், டேப் எடுக்கிற ஆளும் வரலாம்.

#5 · விதி_எண்_4

நான் ஆசிரியர் இல்லை, பல்கலைக்கழக அலுவலகப் பணியாளர். இதுபோன்ற கோப்புகளைப் பார்ப்பதுதான் வேலை.

சார், 'சிறப்புப் பாடம்' கட்டத்தைவிட அதற்கு மேலே இருக்கும் 'கல்வித் தகுதி' கட்டம்தான் ஆளைக் கொல்லும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் 55 சதவீதத்துடன் முதுநிலைப் பட்டம், 'உரிய, தொடர்புடைய அல்லது ஒத்த பாடத்தில்' என்று இருக்கிறது. அது என்னென்ன பாடம் என்று நீங்கள் எழுதாவிட்டால், விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவில் என்னைப் போன்ற ஒருவர் முடிவு செய்வார். துறையின் பெயர் சுற்றுச்சூழல் அறிவியல், விண்ணப்பதாரரின் பட்டம் தாவரவியல், எனவே தகுதியில்லை என்று சிவப்பு மையில் எழுதிய கோப்பை நானே பார்த்திருக்கிறேன்.

தாவரவியல், விலங்கியல், காட்டுயிர் உயிரியல், வனவியல், சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல், உயிர் அறிவியல். ஏழு பாடத்தையும் எழுதுங்கள். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். பட்டத்தின் பெயருக்காக அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டாம்.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலும் இதே சிக்கல். சூழலியல் படித்தவர் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டில் உயிர் அறிவியல் தாள் எழுதியிருப்பார், அதில் சூழலியல் ஓர் அலகுதான். இன்னொருவர் யுஜிசியின் சுற்றுச்சூழல் அறிவியல் தாள் எழுதியிருப்பார். இரண்டும் செல்லும் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிஎச்.டி. கட்டாயமா என்று பலர் கேட்பார்கள். கட்டாயம் ஆக்குவதாக இருந்து, தள்ளிப்போட்டு, 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. விருப்பம் என்று மாற்றிவிட்டார்கள். 2009 அல்லது 2016 விதிமுறைப்படி பிஎச்.டி. வாங்கியவருக்கு நெட் தேவையில்லை. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து பிஎச்.டி.யும் செல்லும்.

#6 · சோலைக்காடன்

நான் அந்த 'முதல் 500' வகையறா. ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தபின் தற்காலிக ஆய்வுப் பணி). மேற்குத் தொடர்ச்சி மலையில் களவேலை, சோலை விளிம்பில் மரக்கன்றுகள் ஏன் புல்வெளிக்குள் நுழைவதில்லை என்பது பற்றி.

எல்லாரும் தகுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷார்ட்லிஸ்ட் அட்டவணையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2018 விதிமுறை, அட்டவணை 3ஏ. ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. அதாவது ஐந்து கட்டுரைக்கு மேல் எழுதுவது உங்கள் சொந்த மகிழ்ச்சிக்கு. போஸ்ட்டாக் அல்லது கற்பித்தல் வருடத்துக்கு 2, அதுவும் அதிகபட்சம் 10.

என் கணக்கு: இளநிலை 78 சதவீதம், அதற்கு 13 மதிப்பெண். முதுநிலை 82, 25. பிஎச்.டி. 30. நெட் உண்டு, ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை, 5. கட்டுரை இருபத்துமூன்று, 10. போஸ்ட்டாக் நான்கு வருடம், 8. விருது கிடையாது. மொத்தம் 91.

என் ஜூனியர்: இளநிலை 84, 15. முதுநிலை 81, 25. பிஎச்.டி. 30. ஜேஆர்எஃப், 7. கட்டுரை சரியாக ஐந்து, 10. அனுபவம் இரண்டு வருடம், 4. மொத்தம் 91.

ஜூனியர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தங்கமான பையன். ஆனால் பத்தொன்பது வயதில் நான் வேதியியல் செய்முறையில் கோட்டைவிட்டது இன்றைக்கும் என்னைத் துரத்துகிறது. அதன்பிறகு ஆறு பருவமழைக்காலம் அட்டையும் சேறுமாகக் கிடந்தது எந்தக் கட்டத்திலும் இல்லை.

#7 · விதி_எண்_4

கணக்கு சரி. ஆனால் அந்த 91, நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்காணலில் காட்டும் திறனை வைத்தே என்று அதே விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. 91 எடுத்தவரும் 78 எடுத்தவரும் உள்ளே போனபிறகு சமம்.

#8 · சோலைக்காடன்

அது எனக்கு ஆறுதலா, பயமுறுத்தலா?

#9 · லாந்தனா

இரண்டும்தான். நான் அப்படிப்பட்ட நான்கு நேர்காணலுக்குப் போய்விட்டு, இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் காடு மீட்பு வேலையில் இருக்கிறேன்.

மூன்றாவது நேர்காணல், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். வெளியே மரப் பெஞ்சில் ஐந்து மணி நேரம். உள்ளே பன்னிரண்டு நிமிடம். முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" இரண்டாவது, "அப்போ காட்டுக்கெல்லாம் எப்படிப் போவீங்க?" ஒன்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், பையனுக்கு ஒன்றரை வயதில் முதுகில் கட்டிக்கொண்டும் போயிருக்கிறேன் என்றேன். ஒருவர் சிரித்தார். மூன்றாவது கேள்வி ஓசோன் படலத்தைப் பற்றி. என் ஆய்வுத் தலைப்பை யாரும் வாய்விட்டுப் படிக்கக்கூட இல்லை.

பொறுப்புத்தலை சார், உங்கள் கட்டத்தில் என்ன எழுதினாலும் சரி, அந்த அறைக்குள் அந்த வரி போய்ச் சேருமா?

#10 · ஜேஆர்எஃப்_வெயிட்டிங்

அக்கா, பன்னிரண்டு நிமிஷம் கிடைச்சதே பெருசு. எங்க சீனியருக்கு ஏழு.

#11 · பனிமான்

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் தேடல் குழுவில் நானும் ஒருவன், அதே நிலச் சூழலியல் இடம்தான். நடைமுறையைச் சொல்கிறேன், பின்பற்றச் சொல்லவில்லை.

விளம்பரம் இலையுதிர் காலத் தொடக்கத்தில். நூற்றுக்கு மேல் விண்ணப்பம். ஆய்வுத் திட்டம், கற்பித்தல் குறிப்பு, மூன்று பரிந்துரைக் கடிதம். யாருடைய பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் யாரும் பார்க்கவில்லை. பத்துப் பேருடன் ஜூமில் அரைமணி நேரம், எல்லாரிடமும் ஒரே கேள்விகள். நான்கு பேரை வரவழைத்தோம், ஆளுக்கு இரண்டு நாள். ஒரு பொதுச் சொற்பொழிவு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கரும்பலகைப் பேச்சு: வெறும் சாக்பீஸ், அடுத்த ஐந்து வருடம் என்ன செய்யப்போகிறாய், பணம் எங்கிருந்து, முதல் மாணவருக்கு எந்தத் தலைப்பு? அதில்தான் ஆள் தெரியும். மின்னுகிற ஸ்லைடு போட்ட இருவர் அங்கே தடுமாறினார்கள்.

திருமண நிலை, குழந்தை பற்றிக் கேட்கக் கூடாது என்று குழுவுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் தவறிக் கேட்பவர்கள் இங்கேயும் உண்டு.

சோலைக்காடனுக்கு ஒரு வார்த்தை. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜெரமி ஃபாக்ஸ், வட அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்த சூழலியல் உதவிப் பேராசிரியர்களின் விவரங்களைச் சில ஆண்டுகள் திரட்டினார். நேச்சர், சயின்ஸ் கட்டுரை இல்லாமல் வேலை கிடைக்காது என்ற பேச்சு தவறு என்று அதில் தெரிந்தது. இங்கேயும் எண்ணிக்கை வெறி உண்டு, ஆனால் ஐந்தோடு நிற்காது, அவ்வளவுதான்.

#12 · கரிசல்

பனிமான் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாருமே வசதியாகத் தாண்டிப்போகிற ஒன்று இருக்கிறது.

ஒரே இடம் என்றால் அது இனச்சுழற்சியில் (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் வரிசையில்) எந்தப் புள்ளி? தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு, 200 புள்ளிச் சுழற்சி. அந்த இடம் எஸ்.சி. புள்ளியிலோ அருந்ததியர் புள்ளியிலோ எஸ்.டி. புள்ளியிலோ விழுந்தால், நீங்கள் எழுதும் அந்தக் குறுகிய வரி வேறு வேலை செய்யும். ஆறு பேர் விண்ணப்பிப்பார்கள். நான்கு பேரைத் 'தொடர்பில்லாத பாடம்' என்று கழிப்பார்கள். இரண்டு பேர் உள்ளே போவார்கள். கடைசியில் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று மூன்று சொல்லில் கோப்பை மூடுவார்கள். இடம் இன்னும் ஐந்து வருடம் காலி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த மூன்று சொல் 'என்.எஃப்.எஸ்.' என்ற ஆங்கிலச் சுருக்கமாகவே பிரபலம்.

மண்புழு ஐயா அகலமாக எழுதச் சொன்னது வழக்குக்குப் பயந்து. நான் இதற்காகவே அகலமாக எழுதச் சொல்கிறேன். புஞ்சைக்காடுகளிலும் தேயிலைத் தோட்டத்திலும் வளர்ந்து, குலத்தில் முதல் பட்டதாரியாக வந்து, பெரிய ஆய்வுக்கூடத்தின் முகவரி இல்லாமல் சூழலியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் கோயில்காட்டு மரத்தின் பெயரைக் கேளுங்கள். பூசாரி தேவைப்படாது.

#13 · பொறுப்புத்தலை

கரிசல், புள்ளி எது என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்ல முடியாது. நீங்கள் சொன்னது உறைத்தது. அதையும் மனதில் வைத்தே கேட்கிறேன்.

லாந்தனா மேடம், அந்த அறைக்குள் துறைத்தலைவரும் உறுப்பினர். பேசுகிற உரிமை உண்டு. இதுவரை நான் உட்கார்ந்த குழுக்களில் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேர்காணலில் என்ன கேட்பது, அதைச் சொல்லுங்கள்.

#14 · மண்புழு

இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில், நேர்காணல் கட்டத்தில் வகுப்பு எடுக்கச் சொல்லியோ கருத்தரங்க உரை கேட்டோ மதிப்பிடலாம் என்று அதே யுஜிசி விதிமுறையே அனுமதிக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள். காலையில் ஆளுக்கு இருபது நிமிடம், முதுநிலை மாணவர் முன்னால் வகுப்பு. மதியம் குழு. துணைவேந்தருக்கு நேரமில்லை என்பார்கள். காலை வகுப்புக்கு அவர் வர வேண்டியதில்லை, வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் வந்தால் போதும்.

இரண்டாவது, ஓசோன் கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி, எல்லாரிடமும்:

"ஐந்து வருடத்துக்கு முன் 64 செ.மீ. சுற்றளவு இருந்த மரம், இன்று 61 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?"

புத்தகம் மட்டும் படித்தவர் "அது பிழை, நீக்கிவிடுவேன்" என்பார். களத்தில் அழுக்கான ஆள் உங்களைத் திருப்பிக் கேட்பார்: எந்த மாதம் அளந்தீர்கள்? கோடையில் நீர் வற்றி அடிமரம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் மூன்று செ.மீ. சுருங்காது. பட்டை உரிகிற மரமா? முன்பு அளந்த இடத்தில் பெயின்ட் கோடு இருந்ததா, அல்லது ஒரு சாண் மேலே டேப் சுற்றினீர்களா? பழையதில் 61-ஐத்தான் 64 என்று எழுதினார்களா? தகடு கழன்று பக்கத்து மரத்துக்குப் போனதா? இப்படி ஐந்து காரணம் வரிசையாக வந்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எறும்பு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் கேள்வி வேண்டுமென்றால்: முதுமலைப் பக்கம் மஞ்சள்கொன்றை என்ற அயல் மரத்தை வேரோடு எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் மூன்று வருடம் கழித்து என்ன முளைத்திருக்கும், அதை எப்படி அளப்பீர்கள்? எடுக்காத இடத்தையும் சேர்த்து அளப்பேன் என்று யார் சொல்கிறார் என்று பாருங்கள். அரைப்பேர் சொல்ல மாட்டார்கள்.

#15 · லாந்தனா

ஐயா, அந்த 64–61 கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் இன்று இந்த இழையில் இருந்திருக்க மாட்டேன். :)

ஒன்று சேர்க்கிறேன். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் 50 ஹெக்டேர் திடல் 1988இல் தொடங்கியது. ஒரு செ.மீ. விட்டமுள்ள தண்டுக்குக்கூட எண் உண்டு. தீ, வறட்சி, யானை எல்லாம் வந்துபோய் அது இன்னும் ஓடுகிறது. பின்னால் ஒரு மையம், பணம், பரம்பரையாகக் காடு தெரிந்த களப் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஒரு ஹெக்டேருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? வருபவருக்கு என்ன கொடுப்பீர்கள்? லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, அது சரி. வண்டி? மரம் ஏறத் தெரிந்த ஓர் ஆளுக்குத் தினக்கூலி? வாரத்தில் ஒரு நாள் வகுப்பில்லாத நாள்? புதியவர் என்று நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு, விடுதிப் பொறுப்பு, நாட்டு நலப்பணித் திட்டம் மூன்றையும் தலையில் கட்டினால் அவர் எப்போது கோயில்காட்டுக்குப் போவார்?

#16 · பொறுப்புத்தலை

நாக் கோப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. புதியவரிடம் தள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிடிபட்டுவிட்டேன்.

வண்டி இல்லை. திங்கட்கிழமை வகுப்பில்லாமல் வைக்க முடியும், அது என் கையில்.

#17 · சோலைக்காடன்

சார், அந்தத் தகடுகள் ஆணியா, கம்பியா?

#18 · பொறுப்புத்தலை

கம்பி. ஐயனார் மரத்தில் இரும்பு அடிக்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். தளர்வாகத்தான் கட்டியிருக்கிறார். பத்து வருடம் யாரும் தளர்த்தவில்லை, இறுகிவிட்டது.

#19 · சோலைக்காடன்

அப்படியானால் புதிய ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். விளம்பரம், விண்ணப்பப் பரிசீலனை, நேர்காணல், சிண்டிகேட் (ஆட்சிக்குழு) ஒப்புதல், இடையில் ஒரு வழக்கு, எப்படியும் ஒன்றரை வருடம். அதற்குள் இன்னும் நூறு எண்ணைப் பட்டை தின்றுவிடும். மாணவர்களை வைத்து எண்ணை மட்டுமாவது படித்துப் படம் எடுத்து வையுங்கள், அளவு பிறகு எடுக்கலாம். பழைய வரைபடம் இருந்தால் எந்த மரம் எங்கே என்று பொருத்திவிடலாம். அனுப்பினால் நான் பொருத்தித் தருகிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கிறேனா இல்லையா என்பது வேறு விஷயம்.

#20 · ஜேஆர்எஃப்_வெயிட்டிங்

நான் வரேன் சார். ஊர் மட்டும் தனிச்செய்தில சொல்லுங்க.

#21 · நெறியாளர்

2025 யுஜிசி வரைவு, ஆளுநர், துணைவேந்தர் நியமனம் பற்றி வந்த பதினோரு பதிவுகளை அதற்கான இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும்.

#22 · பொறுப்புத்தலை

நாளை கொடுக்க வேண்டிய வரைவு இது. கத்தி வையுங்கள்.

"பாடம்: சூழலியல். சிறப்புப் பிரிவு: நிலச் சூழலியல் (தாவரம், விலங்கு, மண்ணுயிர் எதுவாயினும்). களத் தரவு சேகரிப்பிலும் புள்ளியியல் பகுப்பாய்விலும் அனுபவம் விரும்பத்தக்கது. கல்வித் தகுதி: தாவரவியல், விலங்கியல், காட்டுயிர் உயிரியல், வனவியல் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் அல்லது உயிர் அறிவியலில் முதுநிலைப் பட்டம், 55 சதவீதம் (விதிப்படி தளர்வு உண்டு). நெட்: உயிர் அறிவியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியல். அழைக்கப்படுவோர் முதுநிலை மாணவர்களுக்கு 20 நிமிட வகுப்பு எடுக்க வேண்டும்."

#23 · கரிசல்

'விரும்பத்தக்கது' என்பதை அப்படியே வையுங்கள், 'அவசியம்' என்று யாராவது திருத்தினால் விடாதீர்கள்.

#24 · மண்புழு

நன்று. மாதிரி வகுப்புக்கு மூன்று தலைப்பை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று காலையில் சொல்லி வேடிக்கை பார்க்க வேண்டாம்.

#25 · விதி_எண்_4

சார், 'வனவியல் சூழலியல்' என்று சேர்ந்து விழுந்திருக்கிறது. நடுவில் காற்புள்ளி இல்லை. அப்படியே போனால் வனவியல் படித்தவரும் தகுதியில்லை, சூழலியல் படித்தவரும் தகுதியில்லை. நெட் வரியில் செட், ஸ்லெட், விலக்கு பெற்ற பிஎச்.டி. மூன்றையும் சேருங்கள். திருத்திவிட்டு, தட்டச்சானதும் ஒரு முறை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நிலவியல் ஞாபகம் இருக்கட்டும்.